சௌந்திரத்தின் சீஸ் சட்டி

டின்னின் அடியில் இரண்டு தட்டு, பக்கவாட்டில் ஒரு தட்டு, பிறகு காதோரம் வைத்து ஒரு குலுக்கு. சந்தையில் தேங்காய் பார்க்கிறவள் மாதிரி சௌந்திரம் சீஸ் டின்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே இருப்பது கட்டி. ஆடாது, அசையாது, சத்தம் போடாது. அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் குலுக்காமல் திறந்தால் அவளுக்கு மனசு ஆறாது. லாரி டூல்ஸ் பெட்டியிலிருந்து எடுத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்து, சமையலறைக்கே தாரை வார்த்துவிட்ட ஸ்குரூடிரைவர் ஒன்று அவளிடம் இருக்கிறது. அதை மூடி ஓரத்தில் வைத்து அம்மிக் குழவியால் ஒரே போடு.

"வா சாமி, வெளிய வா. பம்பாயிலிருந்து படுத்துக்கிட்டே வந்தவனுக்கு இன்னும் என்ன தூக்கம்?"

டின்னோடு பேசுவாள், அடுப்போடு பேசுவாள், கேட்க ஆள் கிடைத்தால் ஆளோடும் பேசுவாள். நாற்பதைத் தாண்டிய வயசு, ஒடிசலான உடம்பு, இடுப்பில் இழுத்துச் செருகிய முந்தானை. நடை என்பது அவளுக்குத் தெரியாது. அடுப்படியிலிருந்து புழக்கடைக்குப் போவதென்றாலும் பஸ்ஸைப் பிடிக்கிற ஓட்டம்தான். சந்தோஷம் வந்தால் இடது தொடையில் பளீரென்று ஒரு தட்டு தட்டிக்கொள்வாள். அந்தச் சத்தம் கேட்டால் தெருக்காரர்கள், "சௌந்திரத்து ஊட்டுல இன்னைக்குச் சட்டி இருக்குது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அநேகமாக இருக்கும்.

சங்ககிரியில் லாரி நிற்காத தெரு இல்லை, லாரியைப் பற்றிப் பேசாத வாயும் இல்லை. அந்த ஊரில் ஒரு லாரிக்காரர் மனைவி லாரியை விட்டுவிட்டு ஒரு சட்டிக்குப் பேர் வாங்கியிருக்கிறாள் என்றால் அது லேசுப்பட்ட காரியமா? காதுகுத்து, வண்டி பூசை, பெண்ணழைப்பு, எதுவானாலும் சரி, நாலு பேர் கூடுகிற இடத்தில் நடுவே அந்தச் சட்டி வந்து உட்கார வேண்டும். மேலே பொன்னிறமாகப் பொரிந்து, உள்ளே குழைந்து, ஓரத்தில் இன்னும் கொப்பளம் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். சுற்றி நிற்கிறவர்கள் கையில் ஆளுக்கொரு குச்சிக்கிழங்கு வறுவல், மரவள்ளியைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். அல்லது நீளமாக அறுத்து வாட்டிய ரொட்டித் துண்டு. தொட்டு வாயில் போட்டதும் பேச்சு நின்றுவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் மட்டும், "இது தொட்டுக்கறதுங்களா, திங்கறதுங்களா?" என்று கேட்பார்கள். "தொட்டுத் திங்கறதுங்க" என்பாள் சௌந்திரம். கேட்டவருக்கு அதற்குள் வாய் நிறைந்திருக்கும்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இந்தப் பண்டத்தின் அசலை அவள் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

பார்த்தவர் அவள் கணவர் அப்புசாமி. இங்கிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பம்பாய் போகிறவர். அங்கே புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர், தன் வீட்டு விருந்துக்கு ஒரு தடவை இவரையும் கூப்பிட்டிருக்கிறார். மேசை நடுவே ஒரு சுடுசட்டி. சுற்றி நின்று எல்லோரும் பிஸ்கோத்தால் தோய்த்துத் தின்றிருக்கிறார்கள். அப்புசாமியும் தின்றார். தின்றதோடு விட்டாரா? வீட்டுக்கு வந்து ஒரு மாசம் அதே பேச்சு.

"மஞ்சளா இருக்குது புள்ள. சூடா இருக்குது. வெண்ணெயாட்ட இருக்குது, ஆனா வெண்ணெ இல்ல. தயிராட்டப் புளிக்குது, ஆனா தயிரு இல்ல. இழுத்தா நூலாட்ட வருது."

"பேரு என்னங்க?"

"பேரக் கேக்காம வந்துட்டேன்."

பேர் தெரியாத ஒன்றை, பார்க்காத ஒன்றை, புருஷன் நாக்கு ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய இறங்கினாள் பாருங்கள், அவளை என்ன சொல்ல. அதில் சேர்வது சீஸ் என்று மட்டும் அப்புசாமி எப்படியோ விசாரித்துவிட, அடுத்த பம்பாய் லோடில் சீஸ் டின் வந்து இறங்கியது. முதல் சட்டி எண்ணெயைக் கக்கியது. அதற்கடுத்தது இறுகிப் போய்க் கரண்டியை விட மறுத்தது. அப்புசாமி ஒரு துண்டைப் பிய்த்து இழுத்துப் பார்த்துவிட்டு, "பஞ்சர் ஒட்டலாம் புள்ள, தாங்கும்" என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

எண்ணெய் பிரிவதற்கு மருந்து அவர் லாரியிலேயே இருந்தது. ஜவ்வரிசி ஆலையில் கொடுத்த கிழங்கு மாவை வடகத்துக்குக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, அது நீரையும் மாவையும் பிரியவிடாமல் பிடித்து வைத்திருப்பதைச் சௌந்திரம் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தொடையில் ஒரு தட்டு. அடுத்த சட்டியில் எருமைப் பாலில் ஒரு கரண்டி கிழங்கு மாவைக் கரைத்து ஊற்றினாள். சட்டி எண்ணெய் கக்கவில்லை. பட்டு மாதிரி வந்தது.

இப்போது அவள் கை பழகிவிட்டது. சின்ன வெங்காயமும் பூண்டும் வெண்ணெயில் வதங்கும். மாவு கரைத்த பால் கொதி கண்டு கெட்டியாகும்போது, முதல் நாள் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் இறங்கும். கடைசியில் துருவிய சீஸ், கீறிய பச்சை மிளகாய், கொல்லிமலை மிளகு. மண்சட்டியில் மாற்றி, மேலே ரஸ்க் தூளைத் தூவி, அங்கங்கே வெண்ணெயைக் கிள்ளிப் போடுவாள். உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவாள். கரண்டியில் நக்குவது மட்டும் கூடவே கூடாது. இத்தனைக்குப் பிறகும் அப்புசாமிக்கு ஒரு குறை உண்டு.

"எல்லாஞ் சரி. அங்க நூலு வந்துச்சு. இங்க நூலு வரல."

"நூலு வேணும்னா எளம்பிள்ளைல போயித் தறியில வாங்கிக்கங்க" என்பாள்.

இனி அடுப்பு. வீட்டு விறகடுப்பில் கீழே வேகும், மேலே வேகாது. அதனால் சட்டியைச் சும்மாட்டு மேல் ஏற்றி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் தீர்த்தகிரி பேக்கரிக்கு ஒரே ஓட்டம். காலை பன் ஈடு இறங்கி, அடுப்புச் சூடு தணிந்து வருகிற நேரம் அவளுக்குத் தெரியும். "தள்ளு தம்பி, தள்ளு, சட்டி வருது" என்று தெருமுனையிலிருந்தே குரல் வரும். தீர்த்தகிரி பாவம், நல்ல மனுஷன். நீளத் துடுப்பில் சட்டியை வாங்கி உள்ளே தள்ளிக்கொண்டே புலம்புவார்.

"அக்கா, உங்க சட்டி வெந்துட்டுப் போனா அடுத்த ஈடு பன்னு பூராவும் வெண்ணெ வாசம் அடிக்குது."

"நல்லதுதான தம்பி. வாசத்துக்குக் காசு கேக்க மாட்டேன், போ."

சட்டி வெந்தால் மட்டும் போதாது, ஆறவும் கூடாது. அதற்கும் வழி வைத்திருக்கிறாள். லாரியின் ஸ்டெப்னி டயரைப் படுக்கப் போட்டு, நடுக்குழியில் வைக்கோலைத் திணித்து, அதில் சட்டியை இறக்கிவிடுவாள். ஆடாது, அசையாது, கூட்டம் கலைகிறவரை சூடு போகாது. ஆயுத பூசையன்று லாரி ஷெட்டில் டிரைவர்களும் கிளீனர்களும் மெக்கானிக்குகளும் அந்த டயரைச் சுற்றி நிற்பதைப் பார்த்தால் ஏதோ என்ஜின் பிரித்து வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும்.

பரிமாறும்போது அவள் தின்ன மாட்டாள். கையில் மரக்கரண்டியோடு சட்டிக்குப் பக்கத்தில் காவல் நிற்பாள். ஒரே சட்டியில் ஊரே கை நீட்டுகிற பண்டம். எச்சில் பட்டால் நாளைக்கு யார் வருவார்கள்? ஆகவே சட்டம் ஒன்றுதான். "ஒருக்காத் தொட்டத மறுக்காத் தொடக் கூடாது. கடிச்சதக் கொண்டாந்து முக்குனா கை மேல கரண்டி விழும். வெரலு உள்ள வந்தா ரெண்டு விழும். சொல்லிப்போட்டேன்." சொன்னபடி விழும். பெரிய மெக்கானிக், சின்ன கிளீனர் என்ற பேதம் அந்தக் கரண்டிக்குக் கிடையாது. அடி வாங்கியவர்கள் கையை உதறிக்கொண்டு சிரிப்பார்கள். மறுபடியும் புது வறுவல் எடுத்து வரிசையில் நிற்பார்கள்.

எல்லோரும் தின்று தீர்த்த பிறகு சட்டி அப்புசாமிக்கு வரும். அடியில் லேசாகப் பிடித்த காந்தல், அவருடைய பங்கு. அவருக்கு மட்டும் விரலுக்கு அனுமதி உண்டு. அதிலும் ஒரு கிறுக்கு. சட்டி நடுவே ஆள்காட்டி விரலால் ஒரு கோடு போடுவார். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதைச் சுரண்டித் தின்பார். அந்தப் பக்கத்தைத் தொட மாட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, எப்போதும் பாதிதான். "மிச்சத்த யாரு திங்கறதாம், உங்க லாரியா?" என்று சௌந்திரம் கத்தி ஓய்ந்து, மீதியைத் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டுவிடுவாள்.

இவ்வளவு பேரைத் தின்ன வைத்தவளுக்கு நெஞ்சில் ஒரு முள் இருந்தது. ஊரே தொட்ட சட்டியை ஒரே ஒருவர் தொடவில்லை. அடுத்த வீட்டில், ஒரே மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அப்புசாமியின் அண்ணன், சின்னண்ணன்.

கதை லாரியில் தொடங்கியது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து முதல் லாரி வாங்கினார்கள். பாடி கட்டி முடித்துப் பேர் எழுத பெயிண்டர் வந்தான். "எங்க ஆத்தா பேரும் வேணும், எங்கூட்டுக்காரி பேரும் வேணும்" என்றார் அப்புசாமி. முன்னால் எது, பின்னால் எது என்று சொல்ல மறந்துவிட்டார். பெயிண்டர் தன் இஷ்டத்துக்கு எழுதினான். வண்டி பூசையன்று மாலையோடு வந்த சின்னண்ணன் நிமிர்ந்து பார்த்தார். நெற்றிப் பலகையில் பூவும் கிளியுமாகச் 'சௌந்திரம்' சிரித்தது. பெற்ற தாய் காளியாத்தாள் பேர் பின்கதவில், அதுவும் சக்கரத்துப் புழுதி நேராக வந்து அடிக்கிற இடத்தில்.

"பெத்தவ பேரு பின்னால புழுதி திங்குது. நேத்து வந்தவ பேரு முன்னால காத்து வாங்குது. இனி இந்த ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று மாலையை வண்டி மேல் போட்டுவிட்டுப் போனவர்தான்.

கை நனைப்பது என்றால் அந்தப் பக்கத்தில் சும்மா இல்லை. ஒருவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு அவர்கள் கொடுக்கிற தண்ணீரில் கை கழுவினால்தான் உறவு. மறுவாரமே பலகையை அழித்து ஆத்தா பேரை முன்னால் எழுதினார்கள். சௌந்திரத்தின் பேரை எங்கேயும் எழுதவில்லை. ஆனால் சொன்ன சொல் நின்றுவிட்டது. சின்னண்ணன் கெட்டவர் அல்ல. நல்லது கெட்டது எதுவானாலும் முதல் ஆளாக வருவார். தம்பி ஊரில் இல்லாதபோது ராத்திரி மதிலோரம் டார்ச் அடித்துப் பார்ப்பார். தம்பி மகள் வசந்தாமணி என்றால் உயிர். ஆனால் வரும்போது கையில் தன் வீட்டுச் சொம்பில் தன் வீட்டுத் தண்ணீர் இருக்கும். தாகம் எடுத்தால் அதைக் குடித்துக்கொள்வார்.

"நானாங்க எழுதச் சொன்னேன்?" என்று சௌந்திரம் கேட்காத ஆள் இல்லை. "அந்தப் பேரு பலகையில இருந்தது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்கு நான் இன்னும் படறேன்."

அது வரைக்கும் வீட்டோடு இருந்த வருத்தம், போன தை மாசம் வாசலுக்கு வந்தது. வசந்தாமணிக்குத் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வரன். கிணறு தோண்டுகிற ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளையின் தாய் பாவாயி வந்து பார்த்தார். பெண்ணைப் பிடித்தது, வீட்டைப் பிடித்தது. பேச்சு முடிகிறவரை பெண் வீட்டில் காபி பலகாரத்தோடு சரி, இலை போட்டுச் சாப்பிடுவது வழக்கமில்லை. அடுத்த தடவை வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் சம்பந்தம் உறுதி. பாவாயி எழுந்து போகும்போது, சொம்போடு உட்கார்ந்திருந்த சின்னண்ணனை ஒரு பார்வை பார்த்தார். மறுநாளே தரகர் சேதியோடு வந்துவிட்டார்.

"கூடப் பொறந்த அண்ணனே கை நனைக்காத ஊட்டுல நாங்க எப்படிங்க நனைக்கறதுன்னு அந்தம்மா கேக்கறாங்க. தை போறதுக்குள்ள இன்னொருக்கா வாராங்களாம். பெரியப்பா நனைக்கட்டும், நாங்களும் நனைக்கறோம், இல்லாட்டி காபியோட போயிடறோம்னு சொல்லிப்போட்டாங்க."

பாவாயி சொன்னதில் தப்புச் சொல்ல முடியாது. பெண் கொடுத்து எடுக்கிறவர்கள் பங்காளிச் சண்டையை விசாரிக்காமல் வருவார்களா? சௌந்திரம் அன்றைக்கே மதிலைச் சுற்றி ஓடினாள்.

"மாமா, எம் பொண்ணுக்காவ ஒரே ஒரு வாயி."

"பொண்ணுக்காவ உசுரக் கேளு அம்மிணி, குடுக்கறேன். சொன்ன சொல்லு சொன்னதுதான்."

வந்தவள் சமையலறையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள். அப்புசாமி ஆறுதல் சொல்லத் தெரியாமல் காலையில் ஒரு காதுகுத்துக்குப் போய் வந்த சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு கோடு போட்டுச் சுரண்டினார். பாதி தின்றதும் வழக்கம்போலத் தள்ளி வைத்தார். சௌந்திரத்துக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்க, இந்தப் பாதி பேயிக்குங்களா?"

"அண்ணன் பங்கு" என்றார் அப்புசாமி, தலையை நிமிர்த்தாமல். "ஆத்தா பாலு காய்ச்சுன சட்டிய எங்க ரெண்டு பேத்துக்கு நடுவால வெச்சு வெரல்ல கோடு போடுவா. அடுப்புப் பக்கம் அண்ணனுக்கு. தாண்டுனா ஒதைப்பான். பழகிப் போச்சு புள்ள, கை அங்க போக மாட்டேங்குது."

இத்தனை வருஷம் ஊறப்போட்டுக் கொட்டியது யார் பங்கு என்று சௌந்திரத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூக்கை உறிஞ்சுவது நின்றது. கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்தாள். பிறகு பளீரென்று தொடையில் ஒரு தட்டு. வசந்தாமணி உள்ளிருந்து ஓடி வந்து, "என்னம்மா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல சாமி. உன்ற பெரியப்பனுக்குப் பலகாரம் பண்ணப் போறேன்."

பாவாயி வருகிற அன்றைக்கு வீட்டில் ஒரே ஒரு டின்தான் இருந்தது. பம்பாய் வண்டி வர இன்னும் நாளாகும். தட்டிப் பார்த்தாள், குலுக்கிப் பார்த்தாள், திறந்தாள். "நீதான் எனக்கு நாலு பேத்துக்குச் சமம், ஏமாத்திப்போடாத." சட்டியைச் சும்மாட்டில் ஏற்றிக்கொண்டு பேக்கரிக்கு ஓடினாள். தீர்த்தகிரி துடுப்பில் வாங்கி உள்ளே விட்டார். மேலே பொன்னிறம் ஏறியதும் வழக்கம்போல எடுக்கப் போனார்.

"எடுக்காத தம்பி."

"பதம் வந்துருச்சுங்கக்கா."

"மேல பதம். கீழ இன்னும் புடிக்கோணும்."

"அடி புடிச்சுருமுங்க."

"புடிக்கட்டும். அதுக்குத்தான் வெச்சிருக்குது."

தீர்த்தகிரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சம்மந்தி ஊட்டு ஆளுக முன்னாடி கருகுன சட்டியவா வெப்பீங்க? எம் பேக்கரி பேரும் சேந்து கெடுமுங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காந்தலுக்கும் கரிக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ரொம்பக் கம்மி. கொஞ்சம் முன்னால் எடுத்தால் அடி பிடிக்காது, காரியம் ஆகாது. கொஞ்சம் பின்னால் எடுத்தால் மொத்தச் சட்டியும் கசக்கும். பாவாயி முகம் சுளித்துக் காபியோடு எழுந்துவிடுவார், மகளின் கல்யாணமும் அதோடு எழுந்துவிடும். சௌந்திரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பு வாய்க்கு நேராக மூக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். அனல் அடித்தது. நகரவில்லை. முதலில் வெண்ணெய் வாசம் வந்தது. பிறகு ரஸ்க் வறுபடுகிற வாசம். தீர்த்தகிரிக்குக் கை துறுதுறுத்தது. அடியிலிருந்து, பால் பிடிக்கிற அந்தப் பழைய வாசம் மெல்ல எழுந்து வந்தது.

"இப்ப எடு. எடு, எடு, எடு."

வீட்டுக்கு அவள் ஓடிய ஓட்டத்தில் பின்னால் இரண்டு நாய்கள் ஓடின.

வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் பவானி ஜமக்காளம் விரித்திருந்தது. நடுவே ஸ்டெப்னி டயருக்குப் புது வேட்டி சுற்றி, வைக்கோல் திணித்து, சட்டியை இறக்கினாள். ரிக் வண்டிக்காரர்கள் டயரைப் பார்த்ததும் சிரித்தார்கள். சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்திருக்கும். சின்னண்ணன் வந்தார். வாசற்படிக்கு உள்ளே, கதவோரமாக உட்கார்ந்து பக்கத்தில் சொம்பை வைத்தார்.

பலகாரம் ஆரம்பமாயிற்று. சௌந்திரம் மரக்கரண்டியோடு நின்று சட்டத்தைச் சொன்னாள். "ஒருக்காத் தொட்டத மறுக்காத் தொடக் கூடாதுங்க. சம்மந்தின்னாலும் கரண்டி விழுமுங்க." பாவாயி முதல் வறுவலைச் சந்தேகமாகத் தோய்த்தார். வாயில் போட்டார். கண் அகன்றது. இன்னொரு வறுவலுக்குக் கை நீட்டினார். "என்னமோ தீயற வாசமாட்ட இருக்குதே" என்றார் கூட வந்த ஒரு பெரியவர். "அதாங்க ருசி" என்றார் பாவாயி. சௌந்திரத்துக்குப் பாதி உயிர் வந்தது. வசந்தாமணி ஒரு துண்டைத் தோய்த்துப் பெரியப்பாவிடம் நீட்டினாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். "நீ தின்னு கண்ணு" என்றார். பாவாயி அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வறுவல் தட்டு காலியானது. சட்டியில் மேல் பாகம் தீர்ந்து அடி தெரிந்தது. சௌந்திரம் சட்டியைத் தூக்கி, கதவோரம், சின்னண்ணனுக்கு ஒரு முழம் தள்ளி வைத்தாள். "ஏனுங்க, உங்க பங்கு" என்று கணவரைக் கூப்பிட்டாள். அப்புசாமி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காந்தல் பழுப்பாக, பளபளவென்று, சட்டியோடு ஒட்டிக் கிடந்தது. வாசம் அந்த மூலை முழுக்க நின்றது. அப்புசாமி விரலால் கோடு போட்டார். தெரிந்து போட்டாரோ, கை தவறிப் போட்டாரோ, கோடு அண்ணன் பங்குப் பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. கோட்டை ஒட்டிச் சுரண்ட ஆரம்பித்தார்.

சின்னண்ணன் சட்டியைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார். துண்டைச் சரி செய்தார். சொம்பைத் தொட்டார், குடிக்கவில்லை. மறுபடியும் கூரை. பிறகு சட்டி.

"டேய் அப்பு" என்றார் சின்னண்ணன்.

"என்னண்ணா?"

"கோடு கோணலா இருக்குது."

"நேராத்தான் இருக்குது."

"எதுடா நேரு? ஆத்தா இப்பிடியாடா போட்டா? அடுப்புப் பக்கம் பூராவும் நீ வளைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கற."

"நேராத்தாண்ணா இருக்குது" என்று அப்புசாமி இன்னும் கொஞ்சம் சுரண்டினார்.

"கைய எடுறா." சின்னண்ணன் ஒரே நகர்வில் சட்டிக்கு முன்னால் வந்துவிட்டார். ஆள்காட்டி விரலைச் சட்டிக்குள் விட்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அழுத்தி ஒரு கோடு இழுத்தார். "இது கோடு. இப்பத் தின்னு."

விரலை வெளியே எடுத்தார். விரல் நுனியில் காந்தல் சுருண்டு நின்றது. சின்னண்ணன் விரலைப் பார்த்தார். துடைக்கலாம் என்றால் வெள்ளை வேட்டி. தம்பியைப் பார்த்தார், தம்பி சட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். விரலை வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோரம் ஈரம் கசிந்ததை அவர் மறைக்கவும் இல்லை. அதே விரல், அதே எச்சில், திரும்பவும் சட்டிக்குள் போனது.

சௌந்திரத்தின் கரண்டி மேலே எழுந்தது. வசந்தாமணி "அம்மா" என்று மூச்சை இழுத்தாள். கரண்டி இறங்கியது, சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்ததையெல்லாம் சுரண்டி, கோட்டுக்கு அந்தப் பக்கம், சின்னண்ணன் பங்கில் சேர்த்தது.

"அவனுக்கும் கொஞ்சம் உடு அம்மிணி" என்றார் சின்னண்ணன்.

தின்று முடித்து எழுந்து வாசல் கல்லுக்குப் போனார். சௌந்திரம் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடினாள். ஓடியவள் பாதியில் நின்றுவிட்டாள். கதவோரம் அவருடைய சொம்பு தண்ணீரோடு அப்படியே இருந்தது. சின்னண்ணனும் அதைப் பார்த்தார். இடது கையால் அதை எடுத்து, பக்கத்திலிருந்த செம்பருத்திச் செடியின் அடியில் கவிழ்த்துவிட்டு, வலது கையைச் சௌந்திரத்தின் முன்னால் நீட்டினார்.

"ஊத்து அம்மிணி."

அவள் ஊற்றினாள். அவருக்குப் பின்னால், வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்கு முன் கை கழுவ வந்து நின்றார் பாவாயி.